ரவுண்டானா சிற்பம் உடைந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி சுருக்கமாக இது: சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் ஒரு மாநகராட்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ரவுண்டானாவில் பெரிய ஃபைபர் சிற்பம் வைத்தார்கள். பக்கத்து மேம்பாலத் தூண்களில் ஓவியம் தீட்டினார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் சிற்பம் விரிசல் விட்டுவிட்டது, ஓவியம் செதில் செதிலாக உரிகிறது. மாநகராட்சியில் கேட்டால் "அது ஸ்மார்ட் சிட்டி வேலை" என்கிறார்கள். அங்கே போனால் "சி.எஸ்.ஆர்.ல வந்தது", அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் வந்தது, என்கிறார்கள். செலவு எவ்வளவு, யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் சரிசெய்ய வேண்டும்? இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

சிற்பம் அழகா, அசிங்கமா என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று ஒரு வரியில் அலுவலகம் அதை முடித்துவிடும். "இந்தச் சிற்பம் இன்றைய தேதியில் யாருடைய சொத்துப் பதிவேட்டில் இருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றை எழுத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதிவேட்டில் இருந்தால் பராமரிப்பு அவர்கள் தலையில். எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால், பொது இடத்தில் உரிமையாளர் இல்லாத ஒரு கட்டுமானம் நிற்கிறது என்று பொருள். அது இன்னும் பெரிய கேள்வி.

இத்தனை குழப்பத்துக்கு மூல காரணம், கலை எந்தக் கதவு வழியாக மாநகராட்சிக்குள் நுழைகிறது என்பதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 18 பணிகள் உள்ளன. அதில் 13ஆவது, பண்பாடு, கல்வி, அழகியல் கூறுகளை வளர்ப்பது. சட்டப்படி அழகியலும் மாநகராட்சியின் வேலைதான். ஆனால் டெல்லிக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகர்ப்புறக் கலை ஆணையம் இருப்பதுபோல நம் ஊர் மாநகராட்சிகளுக்கு ஓர் அமைப்பு கிடையாது. பொறியியல் பிரிவுதான் சிற்பத்தையும் கையாள்கிறது. உதவிப் பொறியாளர் மழைநீர் வடிகாலுக்குப் போடும் அதே படிவத்தில் சிற்பத்துக்கும் எஸ்டிமேட் போடுகிறார். வடிகாலுக்கு விலைவிகிதப் பட்டியலில் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது. சிற்பத்துக்கு எந்தப் பட்டியலிலும் விலை கிடையாது. அந்த இடத்தில் "எல்.எஸ்." என்று எழுதி மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுவிடுகிறார்கள். கோளாறுகளில் பாதி அந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும்.

கோப்பில் அதற்கு என்ன பெயர்?

தகவல் கேட்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கோப்பில் அந்தப் பணிக்கு என்ன பெயர் என்று கண்டுபிடியுங்கள். "சிற்பம் அமைத்தல்" என்று பெரும்பாலும் இருக்காது. "சந்திப்பை மேம்படுத்தி அழகுபடுத்தும் பணி" என்றோ "சென்டர் மீடியன், ரவுண்டானா பசுமைப் பணி" என்றோ இருக்கும். "சிற்பத்துக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் "அப்படி ஒரு பணி மேற்கொள்ளப்படவில்லை" என்று பதில் வரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது பொய்கூட இல்லை.

பெயரைப் பிடிக்க எளிய வழி திறப்பு விழாக் கல்வெட்டு. அதில் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, திறந்த தேதி மூன்றும் பெரும்பாலும் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்திலும் மாவட்ட ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழிலும் அந்தச் சந்திப்பின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

தேதியும் முக்கியம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் மன்றமே இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரே மன்றமாகவும் இருந்து தீர்மானம் போட்டார். ஸ்மார்ட் சிட்டி பணிகளில் கணிசமானவை இந்தக் காலத்தவை. உங்கள் சிற்பம் அப்போது வந்தது என்றால், எந்தக் கவுன்சிலரையும் "நீங்கள்தானே கை தூக்கினீர்கள்?" என்று கேட்க முடியாது. தனி அலுவலரின் தீர்மான எண்ணைக் கேட்க வேண்டும். 2022 மார்ச்சுக்குப் பிறகு என்றால் மாமன்றத் தீர்மானம் இருக்கும். அது அச்சிட்ட அஜெண்டாவில் வந்ததா, கூட்டத்தன்று கூடுதல் பொருளாகச் செருகப்பட்டு மற்றவற்றோடு "ஆல் பாஸ்" ஆனதா என்று பாருங்கள்.

பணம் வந்த வழி

பொறுப்பு யாருடையது என்பதைப் பணம் வந்த வழிதான் தீர்மானிக்கும். மாநகராட்சியின் பொது நிதி என்றால் சிக்கல் இல்லை. எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும்.

ஸ்மார்ட் சிட்டி என்றால் கதை வேறு. 2015 ஜூனில் தொடங்கிய அந்த இயக்கத்தில் தமிழ்நாட்டின் 11 மாநகராட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்து ஒரு கம்பெனி தொடங்கின. பணி ஆணை கொடுத்தது அந்தக் கம்பெனி. இயக்கம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. எனவே கேட்க வேண்டிய ஆவணம் ஒப்படைப்புப் பட்டியல்: எந்தச் சொத்தை எந்தத் தேதியில் கம்பெனி மாநகராட்சியிடம் ஒப்படைத்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பது. அந்தப் பட்டியலில் சிற்பம் தனி வரியாக இல்லையென்றால் இரண்டு பக்கமும் கைவிரிக்கும். கம்பெனி என்பதால் தகவல் தர வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அரசுக்குச் சொந்தமான கம்பெனி தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(எச்) படி பொது அதிகார அமைப்புதான்.

"நமக்கு நாமே" திட்டம் என்றால் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தரப்பு, மீதி அரசு. அந்த மூன்றில் ஒரு பங்கை யார் கட்டினார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். சில சமயம் ஒப்பந்தக்காரரே கட்டியிருப்பார்.

சி.எஸ்.ஆர். என்பதுதான் எல்லோரும் வாயடைத்துப் போகும் சொல். "நம்ம பணம் இல்லையே, கம்பெனி இலவசமாகக் கொடுத்தது" என்பார்கள். இலவசம் என்று நம்புவதற்கு முன் சிற்பத்தின் அடியில் கம்பெனியின் பெயர்ப்பலகை எத்தனை அடிக்கு இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 135இன் கீழ் வரும் சி.எஸ்.ஆர். விதிகள் 2021இல் திருத்தப்பட்டன. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர ஆதாயம் தேடி ஸ்பான்சர் செய்யும் வேலை சி.எஸ்.ஆர். ஆகாது என்று அவற்றில் தெளிவாக இருக்கிறது. எனவே அது சி.எஸ்.ஆர். என்றால் விளம்பரம் அங்கே இருக்கக் கூடாது. விளம்பரம் என்றால் மாநகராட்சிக்கு விளம்பரக் கட்டணம் வந்திருக்க வேண்டும். நகரின் நெரிசலான சந்திப்பில் பத்தாண்டுக்கு விளம்பர உரிமை என்பது, ஃபைபர் சிற்பத்தின் விலையைவிடப் பல மடங்கு போகக்கூடிய சரக்கு.

இந்த வகையில் செலவு ரசீது மாநகராட்சியில் இருக்காது. இடத்தைப் பயன்படுத்த அனுமதித்த ஆணையும் ஒப்பந்தமும் கட்டாயம் இருக்கும். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதுர அடி விளம்பரம், பராமரிப்பு யார், விட்டுவிட்டுப் போனால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்படிச் சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(பி)(13) சொல்கிறது. கம்பெனி தரப்புக் கணக்கை அதன் ஆண்டறிக்கையின் சி.எஸ்.ஆர். இணைப்பில் பார்க்கலாம்.

எந்த இடத்தில் வைத்தார்கள்?

2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. கேரளத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு தலைவர் சிலை வைப்பது தொடர்பாக வந்த விவகாரம் அது. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் இனி அனுமதி தரக் கூடாது என்பது அதன் சாரம். அதே உத்தரவில் ஒரு விலக்கும் உண்டு: உயர்கோபுர விளக்கு, போக்குவரத்து, சாலைகளின் மேம்பாடு, அழகுபடுத்தல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

கோப்பில் "அழகுபடுத்தல்" என்ற சொல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காளை, மீன், யாழ் வைத்தால் அழகுபடுத்தல். தலைவர் உருவம் என்றால் சிலை. நடுவில் நிற்கும் வகைகள் இருக்கின்றன (அரசியல் சின்னத்தை நினைவூட்டும் வடிவங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்), அவற்றில் வழக்கு போட இடம் உண்டு.

சாலை யாருடையது என்பதும் முக்கியம். ரவுண்டானா நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் இருந்தால் அத்துறையின் தடையின்மைச் சான்று தேவை. மேம்பாலத் தூண்களுக்கும் அப்படியே. போக்குவரத்துக் காவல் துறையின் கருத்தும் கோப்பில் இருக்க வேண்டும். ரவுண்டானா வடிவமைப்புக்கு இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 65 என்ற வழிகாட்டி உள்ளது. எதிரே வரும் வண்டியை ஓட்டுநர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க முடிய வேண்டும் என்ற கணக்கை அதில் காணலாம். சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006இல் வைத்த சிவாஜி கணேசன் சிலையை 2017 ஆகஸ்டில் எடுத்து மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் அது ஓட்டுநர் பார்வையை மறைக்கிறது என்ற வழக்குதான். இந்தப் பார்வைக் கணக்கைச் சிற்பம் வைக்கும் முன்பே ஒருவர் போட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஃபைபர் ஏன் உடைகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "காற்று பலமாக அடித்தது" என்ற பதிலை எதிர்கொள்ளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

உஜ்ஜைன் நகரின் மகாகாள் லோக் வளாகம் 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2023 மே 28 அன்று வீசிய காற்றில் அங்கிருந்த ஏழு சப்தரிஷி உருவங்களில் ஆறு சாய்ந்தன. எல்லாம் எஃப்.ஆர்.பி., அதாவது கண்ணாடியிழையும் பிசினும். மகாராஷ்டிரத்தின் மால்வண் கோட்டையில் 2023 டிசம்பர் 4 அன்று திறந்த 35 அடி சத்ரபதி சிவாஜி சிலை 2024 ஆகஸ்ட் 26 அன்று விழுந்தது. ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. நட்டும் போல்ட்டும் துருப்பிடிப்பதாக மாநிலப் பொதுப்பணித் துறை அதற்குச் சில நாள் முன்பே கடற்படைக்குக் கடிதம் எழுதியிருந்தது. வேலையை மேற்பார்த்தது ஒரு துறை, பணம் கொடுத்தது இன்னொரு தரப்பு. நம் ரவுண்டானா கதையின் பெரிய வடிவம்.

கணக்குக்கு வருவோம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875, பகுதி 3. அதன்படி கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும்: 39க்குச் சதுர மீட்டருக்கு சுமார் 913 நியூட்டன், கிட்டத்தட்ட 93 கிலோ. 4 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலச் சிற்பத்தின் முகப்பு 12 சதுர மீட்டர். அதைத் தள்ளும் விசை 1.1 டன். வடிவக் கெழு, நில அமைப்பு எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் மாறும். அதே சிற்பத்தின் எடையைப் பாருங்கள்: 5 மில்லிமீட்டர் தோலுள்ள ஃபைபர் சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ. முன், பின், பக்கம் எல்லாம் 35 சதுர மீட்டர் என்றால் 260 கிலோ, உள்சட்டம் தனி. இவ்வளவு இலேசான பொருளைத் தரையில் பிடித்து நிறுத்துவது உள்ளிருக்கும் எம்.எஸ். (சாதாரண இரும்பு) சட்டமும் ஆங்கர் போல்ட்டும்தான். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று அடிக்காமலே விழுந்தது என்றால் கணக்கே போடவில்லை, அல்லது போட்டபடி செய்யவில்லை. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் கோப்பில் இருக்கிறதா என்று கேட்பதன் நோக்கம் இதுதான்.

விரிசலுக்கு வழக்கமான காரணங்கள் மூன்று. ஒன்று, தோல் மெல்லிசு. 450 கிராம் கண்ணாடியிழை மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். 5 மில்லிமீட்டர் என்று எஸ்டிமேட்டில் இருந்தால் நான்கைந்து அடுக்கு வேண்டும். இரண்டடுக்கோடு நிறுத்தி மேலே கார் பெயிண்ட் அடித்தால் திறப்பு விழா அன்று யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு, உள்ளே தண்ணீர். சிற்பம் உள்ளீடற்றது. அடியில் வடிதுளை வைக்காவிட்டால் மழைநீர் தேங்கி எம்.எஸ். சட்டம் துருவேறும், துரு உப்பித் தோலை வெளியே தள்ளும். பீடத்துக்குச் சற்று மேலே செங்காவிக் கறையோடு விரிசல் ஓடினால் காரணம் இதுவே என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்று, வெயில். ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல் பூச்சு) புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால் பரப்பு வெளுத்துத் தூளாகும், பிறகு இழை வெளியே தெரியும்.

எவர்சில்வர் என்று சொல்லி வைத்த சிற்பத்தில் ஏமாற்றும் இடம் வேறு. 304 தரம் என்று எழுதி மலிவான 202 தரத்தைப் போடுவது. காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது, அது பயன்படாது. இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. மாங்கனீசைக் காட்டும் சொட்டுப் பரிசோதனை மலிவு. எக்ஸ்-ரே துப்பாக்கிப் பரிசோதனை துல்லியமானது. தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் 304கூடப் போதாது, மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு படியும். தடிமனையும் எடையில் பிடிக்கலாம். 2 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 16 கிலோ, 1.2 மில்லிமீட்டர் என்றால் ஒன்பதரை. எம்-புக்கில் (பணியை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) கிலோ கணக்கில் பணம் கொடுத்திருந்தால் எடைமேடைச் சீட்டு இணைத்திருக்க வேண்டும்.

தூண் ஓவியங்களில் பழி பெரும்பாலும் ஓவியர் மேல் விழும், தவறு அடிப்பூச்சில் இருக்கும். புதுக் கான்கிரீட் 28 நாளாவது உலராமல் பூசினால் அதன் காரத்தன்மை பெயிண்டைத் தின்றுவிடும். உள்சுவர் பட்டியை (புட்டி) வெளியில் போட்டால் முதல் மழையில் ஊறி உரியும். மேம்பாலத்தில் மேலே இருந்து வரும் வடிகுழாய் உடைந்திருந்தால் எந்தப் பெயிண்டும் நிற்காது. தடுப்புச் சுவரின் நீர்த்துளைகளை அடைத்து ஓவியம் தீட்டுவது இன்னும் மோசம், சுவருக்கே ஆபத்து. பில்லைச் சரிபார்க்க ஒரு கணக்கு: வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். 1,000 சதுர அடிக்கு 17 முதல் 20 லிட்டர், பிரைமர் தனி. பில்லில் இதைவிட இரண்டு மடங்கு இருந்தாலோ பாதி இருந்தாலோ கேள்வி கேட்கலாம். பாதி என்றால் ஒரு கோட்டோடு முடித்துவிட்டார்கள்.

மனுவை எப்படி எழுதுவது

தகவல் உரிமை மனுவில் "ஏன்", "எப்படி நியாயம்" என்று கேட்காதீர்கள். இருக்கும் ஆவணத்தைத் தருவதே பொதுத் தகவல் அலுவலரின் கடமை. விளக்கம் எழுதித் தருவது அவர் வேலை இல்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் மாநகராட்சிக்கு ஒன்று, ஸ்மார்ட் சிட்டி கம்பெனிக்கு ஒன்று என இரண்டு மனு ஒரே நாளில் அனுப்புங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"(கல்வெட்டில் உள்ளபடி பணியின் பெயர்) தொடர்பாக: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகளின் நகல். விலைப் பகுப்பாய்வுடன் கூடிய மதிப்பீட்டின் நகல். ஒப்பந்தப்புள்ளி விளம்பரம், ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல். அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள். பணி நிறைவுச் சான்று. குறைபாடு பொறுப்புக் காலம் முடியும் தேதி. பிடித்தத் தொகை எவ்வளவு, விடுவிக்கப்பட்டதா என்ற விவரம். சொத்துப் பதிவேட்டில் இப்பணி பதிவான பக்கம். வடிவத்தைத் தேர்வு செய்த குழுவின் கூட்டக் குறிப்பு. பிரிவு 2(ஜே)இன் கீழ் பணியையும் கோப்பையும் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிரிவு பணியைப் பார்வையிடவும் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. உடைந்து கிடக்கும் ஃபைபர் துண்டை மாதிரியாகக் கேட்டு வாங்கித் தடிமனை அளக்கலாம். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. நகல் கேட்பதைவிட நேரில் பார்ப்பது பல சமயம் பலன் தரும். மூன்று கொட்டேஷனும் ஒரே கையெழுத்தில் நிரப்பியிருப்பது நகலில் தெரியாமல் போகலாம்.

பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். பீடம், விளக்கு, புல்வெளி, சிற்பம் என்று ஒரே வேலையைத் துண்டாடித் தனித்தனி எஸ்டிமேட் ஆக்கியிருக்கிறார்களா? ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இன் விதிகள்படி 2 கோடி வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் 30 நாள். குறைத்திருந்தால் மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிந்திருக்க வேண்டும். டெண்டரே இல்லாமல் கொடுத்திருந்தால் பிரிவு 16இன் எந்த விலக்கு என்று பாருங்கள். "இந்தக் கலைஞர் ஒருவரால்தான் முடியும்" என்ற ஒற்றை மூல விலக்கு உண்மையான சிற்பிக்குப் பொருந்தும். ஃபைபர் பொம்மை வார்க்கும் பட்டறைக்குப் பொருந்தாது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ "மூன்றாம் தரப்புத் தகவல்" என்று மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1) முதல் மேல்முறையீடு. அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தாண்டிய தகவலை இலவசமாகத் தர வேண்டும். வணிக ரகசியம் என்ற காரணம் டெண்டர் முடிந்து பணமும் கொடுத்த பிறகு எடுபடுவது கடினம்.

ஆணையம் வரை போவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் குறைபாடு பொறுப்புக் காலம் (ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம்) ஓடிவிடும் என்பதுதான் நடைமுறையில் நடக்கும் நஷ்டம். எனவே மனுவின் பதிலுக்குக் காத்திராமல், விரிசலின் படங்களைத் தேதியோடு இணைத்து ஆணையருக்கும் மாநகரப் பொறியாளருக்கும் இன்றே ஒரு புகார் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். காலம் முடிவதற்கு முன்பே குறை தெரிவிக்கப்பட்டது என்ற ஆதாரம் இருந்தால், ஒப்பந்தக்காரரின் பிடித்தத் தொகையை விடுவிக்கும் அதிகாரி யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார். முதல்வரின் முகவரி 1100இலும் பதியலாம். அது பெரும்பாலும் அதே உதவிப் பொறியாளரின் மேசைக்கே திரும்பி வரும், ஆனாலும் ஒரு எண் கிடைக்கும்.

அடுத்த படிகளில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையை மக்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டின் தணிக்கை நடக்கும் சமயம் பார்த்து ஆவண நகல்களோடு எழுதினால் தணிக்கைத் தடையாக (ஆட்சேபணையாக) ஏற வாய்ப்பு உண்டு. தடை ஏறிவிட்டால் அதை நீக்கும்வரை சம்பந்தப்பட்டவரின் ஓய்வூதியக் கோப்பு வரை அது பின்தொடரும். முறைகேடு ஆவணத்திலேயே தெரிந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு (ஆம்புட்ஸ்மன்) மனு செய்யலாம். லஞ்சத்துக்கு நேரடி ஆதாரம் இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம்.

அடுத்த சிற்பம் வருவதற்கு முன்பு

எழுப்பிய பிறகு கேட்பது கடினம், எஸ்டிமேட் கட்டத்தில் கேட்பது எளிது. அதற்கான இடம் பகுதி சபையும் வார்டு குழுவும். 2022ஆம் ஆண்டு விதிகள்படி இவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். அங்கே "சிற்பம் வேண்டாம்" என்று பேசாதீர்கள். வடிவத்துக்கும் வார்ப்புக்கும் தனித்தனியாக ஆள் தேட வேண்டும் என்று கேளுங்கள். விலை குறைவானவருக்கே தர வேண்டும் என்ற டெண்டர் முறை சிமெண்டுக்குச் சரி. வடிவத்தையும் இந்த எல்-1 (குறைந்த விலை) முறையில் தேர்ந்தெடுத்தால் எல்லா ஊரிலும் ஒரே காளைதான் நிற்கும். மூன்று முதல் ஐந்து கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மாதிரி செய்ய ஆளுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவு மாதிரிகளை மாநகராட்சி முகப்பில் இரண்டு வாரம் வைக்கலாம். தேர்வுக் குழுவில் பாதிக்கு மேல் வெளியாள் இருக்க வேண்டும். மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் எல்லாம் அரசு நிறுவனங்களே. ஆணையரின் ஒரு கடிதம் போதும், பேராசிரியர்கள் வந்துவிடுவார்கள். கருங்கல்லுக்கு மாமல்லபுரமும் வெண்கலத்துக்குச் சுவாமிமலையும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கையில், பத்தாண்டு தாங்காத ஃபைபருக்கு ஏன் போகிறோம் என்பதையும் அங்கேயே கேட்கலாம். முதல் விலை கூடுதல்தான், ஐந்தாண்டுக்கு ஒரு முறை பெயிண்ட் அடிக்கும் செலவையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வார்ப்பு ஒப்பந்தத்தில் பொருளின் தரம், தோல் தடிமன், உள்சட்ட வரைபடம், ஐந்தாண்டுப் பொறுப்பு, பராமரிப்புக் குறிப்பேடு ஆகியவை பெயர் சொல்லி இருக்க வேண்டும். பணியின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் தொடக்கத்திலேயே போட்டு வைப்பது நல்லது.

கலைஞரின் உரிமை பற்றியும் ஒரு ஷரத்து வேண்டும். உடைந்த சிற்பத்தை அகற்றும்போது பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் 1957இல் ஒப்புக்கொண்டு செய்த 140 அடி நீள வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் புதுப்பிப்பு என்று பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 57ஐக் காட்டி, அரசு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், மிச்சத்தைச் சிற்பியிடமே திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொருள் அரசுடையதாக இருந்தாலும் படைப்பைச் சிதைக்கும் உரிமை அரசுக்கு இல்லை என்பது அதன் அடிப்படை. ஆகவே உங்கள் ரவுண்டானாவிலும் ஜே.சி.பி. வருவதற்கு முன் மாநகராட்சி மூன்றைச் செய்ய வேண்டும்: உடைந்த நிலையைப் பொறியாளர் அறிக்கையாகப் பதிவது, கலைஞருக்கு எழுத்தில் அறிவித்து அவர் சரிசெய்யவோ எடுத்துச்செல்லவோ 30 நாள் அளவில் அவகாசம் தருவது, சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கத் தீர்மானம் போடுவது. தீர்மானம் இல்லாமல் ஒரே இரவில் சிற்பம் காணாமல் போனால், உரிய தகவல் மனுவை மறுநாளே அனுப்புங்கள். குப்பைக் கிடங்குக்குப் போன ஃபைபர் துண்டை அதற்கப்புறம் யாராலும் அளக்க முடியாது.